பனைமரத்தில் கட்டிய கயிறு

விடியற்காலை நாலே முக்கால். ஏரிக்கரை ரோடு. விளக்குக் கம்பம் ஆறு உண்டு, எரிவது ஒன்றுதான். அதன் அடியில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். வலது கை மட்டும் தண்ணீரைப் பார்த்து நீண்டிருக்கிறது. நேராக… விறைப்பாக… யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி.

ஆரோக்கியசெல்வி இப்படித்தான் ஆரம்பித்தாள். சேதராப்பட்டு ஃபாக்டரியில் செகண்ட் ஷிப்ட் முடிந்து ராத்திரி வரும் வழியில், ஒதியம்பட்டுக்கு முன்னால் வேன் பஞ்சர். தூறல். டிரைவர் வெளியே ஸ்டெப்னியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பேட்டரி இறங்கிவிடும் என்று உள்விளக்கை அணைத்துவிட்டார். நாங்கள் ஏழு பேரும் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்திருந்தோம்.

“யாருடி அந்த ஆளு?” என்றாள் ஜெயசுதா.

“என் கூடப் படிச்சா இல்ல சரண்யா, அவ வூட்டுக்காரரு. விஜயராஜு.”

“ஏய், கரும்புக் கொல்லை வழியா நான் தனியாப் போவணும்டி.”

“அப்ப காதைப் பொத்திக்க.”

ஜெயசுதா பொத்திக்கொள்ளவில்லை.

அந்த ஏரியில் போட் ஹவுஸ் நடத்துவது சிங்காரவேலு குடும்பம். தாத்தா மீன் குத்தகை எடுத்தவர். இப்போது அன்னப்பறவை மாதிரி பெடல் போட் பன்னிரண்டு. டிக்கெட் கிழிப்பது சிங்காரவேலுவின் மனைவி, மோட்டார் போட் ஓட்டுவது மகன், ஐஸ்கிரீம் விற்பது மருமகள். வாசலில் தாத்தா படத்தோடு பெரிய போர்டு. ‘மூன்று தலைமுறையாக ஏரியோடு நாங்கள்.’

அதே ஏரிக்கு மதகு திறக்கிற குடும்பமும் தலைமுறை தலைமுறையாக உண்டு. கரைக்குக் கீழே காலனியில். அவர்களுக்குப் போர்டு இல்லை.

முத்துசாமி அந்தக் குடும்பம். விஜயராஜின் அக்கா தனக்கொடியின் புருஷன். மதகுப் பலகை மாட்டிக்கொண்டால், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முங்க வேண்டும். மறுமுனை கரையில் ஒருவன் கையில் இருக்கும். ஒரு இழுப்பு இழுத்தால், கயிறு விடு. இரண்டு இழுத்தால், என்னைத் தூக்கு. பிடிப்பவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும். அக்கா தாலி அவன் கையில் இருக்கிறது, விடமாட்டான். அதுதான் கணக்கு.

போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகை. மூன்று நாள் மழை. போட் ஓடத் தண்ணீர் வேண்டும் என்று சிங்காரவேலு நாலு வருஷமாக மதகைத் திறக்கவிடவில்லை. திருகு துருப்பிடித்து அசையவில்லை. காலனிக்குள் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். முத்துசாமி முங்கினார். கயிறு விஜயராஜ் கையில்.

அப்போது சிங்காரவேலு கரையில் ஓடி வந்தார். காற்றில் போட் எல்லாம் அவிழ்ந்து போய்க்கொண்டிருந்தது. விஜயராஜுக்கு வேலை அவரிடம்தான்.

“டேய், போட்டைப் புடிடா! கயித்த மரத்துல கட்டு, ஓடியா பூடும்? ரெண்டு நிமிஷம்டா!”

விஜயராஜ் பனைமரத்தில் கயிற்றைக் கட்டினான். ஓடினான்.

வேன் கூரையில் தூறல் சத்தம்.

திரும்பி வந்தபோது கயிறு விறைத்திருந்தது. பனையில் கயிறு அறுத்த தடம். இரண்டு… இரண்டு… இரண்டு. எண்ணி முடியாத அளவுக்கு.

மதகு திறந்திருந்தது. காலனி பிழைத்தது.

“கையிலதான்க்கா வெச்சிருந்தேன். கயிறு ஆடவே இல்ல. மாமா ஒடனே போயிட்டாரு” என்றான் அக்காவிடம். அவர் தவிக்கவில்லை என்று நம்பித்தான் தனக்கொடி மறுபடி சோற்றில் கை வைத்தாள்.

சிங்காரவேலு எதையும் வீணாக்கமாட்டார். முத்துசாமி இடுப்பில் கட்டியிருந்தது நல்ல நைலான் கயிறு. ஏழாம் நம்பர் போட்டுக்குக் கட்டச் சொன்னார்.

முதல் நாள் சாயங்காலம் முளையில் முடிச்சுப் போட்டுவிட்டு விஜயராஜ் திரும்பினான். டக்… டக். காற்று இல்லை. மற்ற போட் எதுவும் ஆடவில்லை. இழுத்துப் பார்த்தான். கயிறு லேசாக வந்தது. மதகடிச் சேற்றின் அழுகல் நாற்றம் மட்டும் கூட வந்தது.

அப்புறம் மாட்டுக் கயிறு. அப்புறம் துணி காயப்போடும் கொடி. அவன் முடிச்சுப் போட்ட எல்லாமே. கடைசியில் தூளி. குழந்தை சரண்யா மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. காலித் தூளி… தரையை நோக்கி இரண்டு தடவை இழுபட்டது.

அன்றைக்குத்தான் அவன் பெண்டாட்டியிடம் உண்மையைச் சொன்னான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். “உங்க அக்காகிட்ட சொல்லிட்டு வந்து என்னக் கூப்புடு.”

“அந்த சிங்காரவேலுக்கு இன்னா ஆச்சு?” ஜெயசுதா கேட்டாள்.

“ஒண்ணும் ஆவல. அதே கயித்த அவரும் புடிச்சிப் பாத்தாரு. ஆடல.”

“அவுரத்தானே மொதல்ல இழுத்திருக்கணும்?”

“தூக்குவான்னு நம்புனவங்கிட்டதானேடி கேக்க முடியும்.”

ஜெயசுதா என் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

போன மாதம், இருட்டு பிரியுமுன் விஜயராஜ் அக்காவைக் கரைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னான். எல்லாவற்றையும். அவள் அழவில்லை.

“எந்த மரம்?”

காட்டினான். தடம் ஒவ்வொன்றிலும் விரலை வைத்துப் பார்த்தாள். மேலிருந்து கீழே… நிதானமாக. பிறகு போய் ஏழாம் நம்பர் கயிற்றை இரண்டு முனையிலும் அவிழ்த்தாள். ஒரு முனையைத் தண்ணீரில் போட்டாள். மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு விளக்குக் கம்பத்தடிக்கு வந்து நின்றாள்.

டக்… டக். அவள் தோள் இழுபட்டதை விஜயராஜ் பார்த்தான்.

“இழு, அக்கா… இழு…”

அவள் இழுக்கவில்லை. அவனை உட்காரச் சொன்னாள். அவன் வலது மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

“இனிமே நீயே வெச்சிக்க.”

திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள்.

நாலே முக்காலுக்குப் பால்காரர் பார்த்தது அவனைத்தான். கத்தியால் கயிற்றை அறுத்தார். அறுத்த முனை கீழே விழுந்து கிடக்கவில்லை… தரையில் சரசரவென்று ஊர்ந்து தண்ணீருக்குள் போனது.

கை மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் கோளாறு இல்லை. கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள். விடிந்து பார்த்தால் கை மறுபடி ஏரி இருக்கும் பக்கம்.

“சரண்யா வந்தாளா?”

“வரல. புள்ளையத் தூக்க ஒரு கைதானே இருக்குது அவருக்கு.”

டிரைவர் ஏறி இன்ஜினைப் போட்டார். வேன் குலுங்கியது. ஜெயசுதா என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

“வேலைக்கு இன்னா பண்றாரு அந்த ஆளு?”

“அதே போட் ஹவுஸ்தான். கை எப்பவும் நீட்டிக்கினே இருக்குதா… ஏழாம் நம்பர் போட்டை அந்தக் கையிலதான் கட்டச் சொல்றாராம் சிங்காரவேலு. முளை அடிக்கற வேலை மிச்சமாம்.”

யாரோ ஒருத்தி சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“அது புதுக் கயிறுதான். ஆனா அந்த போட்டுல யாரும் ஏற மாட்டாங்க. போன ஞாயித்துக்கெழம நானே போய்ப் பாத்தேன். காலி போட்டு… அதோட ஒரு பக்கம் மட்டும் தண்ணியில தாழ்ந்து நிக்குது. வெளிய இருந்து விளிம்பைப் புடிச்சிக்கினு யாரோ தொங்கற மாதிரி.”