சூசையின் படகு நின்றது ஏன்

முன்னர் நான் எழுதிக் கொடுத்த சாட்சியத்தில் ஒரு பிழை உள்ளது. அதனால் மாண்டவர் ஒருவர் மீது இன்றுவரை பழி நிற்கிறது. அதை நீக்கவே இதனை எழுதுகிறேன்.

காலை ஐந்து நாற்பது. மன்னார்க் கரை மறைந்துவிட்டது. பின்னால் கிழக்கு வெளுக்கிறது. அந்த வெளுப்பில் ஒரு கரும்புள்ளி. கடற்படையின் சுற்றுக்காவல் படகு. எங்கள் பொறியின் ஒலிக்கு அடியில் அதன் உறுமல் கேட்கிறது.

படகில் பன்னிருவர். ஓட்டுபவர் சூசை. என் மனைவி புனிதவதி என் தோளில் சாய்ந்திருக்கிறாள். என் முழங்கால்களுக்கு இடையே எரிபொருள் தொட்டி. புறப்படும்போது சூசை என்னிடம் சொன்னது ஒன்றுதான்.

"மாஸ்டர், டாங்குக்குள்ள உப்புத்தண்ணி போகாமப் பாத்துக்கொள்ளுங்கோ."

பார்த்துக்கொண்டேன். மூடியின் நடுவே ஒரு சிறு திருகு தளர்ந்திருந்தது. அலை தெறித்தது. திருகை இறுக்கினேன். விடைத்தாள் திருத்தும் கவனத்தோடு இறுக்கினேன்.

மெல்லச் சென்றால் பொறி சீராக ஒலிக்கிறது. விரைவு கூட்டினால் திணறுகிறது. தட்தட். இடைவெளி. தட். சூசை பிளக்கை மாற்றுகிறார். விசிறியில் பாசி சுற்றியதா என்று நீருக்குள் கைவிட்டுத் துழாவுகிறார். பாசி இல்லை.

"மாஸ்டர், எண்ணெய் கிடக்கோ?"

மூடியைத் திறக்கிறேன். 'உஸ்' என்று ஓர் ஓசை. பாதித் தொட்டி இருக்கிறது. மீண்டும் இறுக மூடுகிறேன். பொறி உயிர்பெறுகிறது! யாரோ மாதாவை அழைத்து அழுகிறார். நான்கு நிமிடம். மறுபடியும் திணறல். எரிபொருள் குழாயின் நடுவிலிருந்த இரப்பர்க் குமிழ் சப்பையாக ஒட்டிக் கிடந்தது. கண்டேன். அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

ஆறு மணி ஐந்து. பொறி நின்றது. கடற்படைப் படகு நெருங்கிவிட்டது.

"குனியுங்கோ! எல்லாரும் குனியுங்கோ!"

கத்தியவர் சூசை. அவர் குனியவில்லை. பொறியின் கயிற்றை இழுப்பவர் குனிய முடியாது. முதல் வெடி அவருக்கே. பிறகு எண்ணவில்லை. என் தோளில் இருந்த பாரம் கூடிற்று.

எஞ்சியோரை ஒரு மீன்பிடிப் படகு ஏற்றிக்கொண்டது. பின்னர் தருமபுரி மாவட்டம். பாலக்கோட்டை அடுத்த அகதிகள் முகாம். விசாரித்தோர் அனைவரிடமும் சொன்னேன். தாளிலும் எழுதினேன். 'அவன் பழுதான பொறியைக் கொண்டுவந்தான்.' அவன் என்றே எழுதினேன். பின்னர் வேறொரு படகில் வந்து சேர்ந்தார் சூசையின் மனைவி மெற்றில்டா. அதே முகாம். தண்ணீர்க் குழாயடியில் எவரும் அவரோடு பேசியதில்லை. நானும் பேசியதில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை. முற்பகல் பதினொன்று. பென்னாகரத்துக்கு அப்பால், காவிரித் தேக்கத்தில் அக்கரை செல்லும் படகு. ஒரு திருமணத்துக்குப் போகிறேன். நடுநீரில் படகு விரைவெடுக்கிறது. தட்தட். இடைவெளி. தட்.

என் கைகள் பலகையைப் பற்றின. குனிந்துவிட்டேன்.

"ஏப்பா முருகேசா, நீந்தியே போயிருந்தா இந்நேரம் வூடு சேர்ந்திருப்பேன்!" என்றாள் கோழிக்கூடை வைத்திருந்த ஒருத்தி.

"குதிங்கக்கா. கோழிய நான் பத்திரமா கொண்டாறேன்," என்றார் படகோட்டி முருகேசன்.

எல்லோரும் சிரித்தார்கள். முருகேசன் முதலில் குமிழைத் தொட்டுப் பார்த்தார். சப்பையாக ஒட்டியிருந்தது. நேரே தொட்டியின் மூடிக்கு வந்து சிறு திருகைத் தளர்த்தினார். 'உஸ்.' அதே ஓசை.

"மூச்சு முட்டிக்கிச்சுங்க இதுக்கு," என்றார் என்னிடம். "எண்ண கொறைய கொறைய உள்ள காத்து போவணுங்க. மெதுவா போனா கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். வேகமா போனா இழுக்க மாட்டேங்கும். நேத்து டாங்க ஏத்தி எறக்கறப்போ நான்தான் இறுக்கினேன். தொறக்க மறந்துட்டேனுங்க."

எவ்வளவு எளிதாக ஒப்புக்கொண்டார்! பொறி சீராக ஒலித்தது. அக்கரை வரை ஒலித்தது. நான் இறங்கவில்லை. அதே படகில் திரும்பினேன்.

மெற்றில்டா சந்தைக்குப் போகும் தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். திருகு. அலை. என் கை. அவர் கைகள் நிற்கவில்லை. நல்லது ஒரு பக்கம். நைந்தது மறுபக்கம். கூடை முடிந்த பின்பே நிமிர்ந்தார்.

"அந்த ஆளில பிழையில்லையெண்டு எழுதித் தாங்கோ மாஸ்டர். பேர் போட்டு எழுதுங்கோ."

எழுதுகிறேன். படகில் ஏறியோர் பன்னிருவர். கரை சேர்ந்தோர் ஐவர். மாண்டோர்: என் மனைவி புனிதவதி. அந்தோனி. அந்தோனியின் தாய். அக்கா தங்கையர் இருவர், செல்வியும் வாணியும். பெயர் கேட்டறியாத முதியவர் ஒருவர். இதுவரை ஆறு என்றே எழுதிவந்தேன். ஏழு. ஏழாமவர் படகோட்டி சூசை. அவருடைய பொறியில் பழுதில்லை.

நேரங்களில் பிழை இருக்கலாம், கண்டவர் திருத்துக. அம்முதியவரின் பெயர் அறிந்தோர் தெரிவிக்க வேண்டுகிறேன். நான் முன்பு எழுதிய தாள் எவரிடமேனும் இருப்பின், அதில் 'அவன்' எனத் தொடங்கும் வரியை அடித்து, 'நான் திருகை இறுக்கினேன்' என்று எழுதுக.