தொட்டிலருகே நின்று பார்த்த கரை

“என் அணை உடையும்னா சொல்றீங்க?” என்று ஒரு தோப்புக்காரர் உங்களை வழிமறித்துக் கேட்டது நினைவிருக்கிறதா?

மண்ணின் மனம் அறிந்தவரே! மழைக்கு முன்னே மதகடியில் நிற்பவரே! எங்களை அன்பாலும் அதட்டலாலும் ஆண்டு, இன்று பணி ஓய்வு பெறும் அணைப் பாதுகாப்பு ஆய்வாளரே, எங்கள் கரையக்காவே! ‘நீங்கள்’ என்றே வாசித்துக்கொண்டு போனால் பாதியிலேயே நிறுத்திவிடுவோம். ஆகவே அக்கா இங்கே இல்லாதது போல, அந்தக் கதையை அவையினருக்குச் சொல்லிவிடுகிறோம்.

தோப்புக்காரருடையது சின்ன மண் அணை. அவருடைய அப்பா கட்டியது. கீழே வெறும் புல்வெளியாக இருந்தவரை அது ஆபத்துப் பட்டியலில் கடைசி வகையில், யாருக்கும் கவலை தராத வகையில் இருந்தது. பிறகு அவர் அந்தப் புல்வெளியிலேயே மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தார். கண்ணெதிரிலேயே இருக்கட்டும் என்ற பாசம். அக்கா அணையை முதல் வகைக்கு மாற்றினார். வந்தது அந்தக் கேள்வி.

“அணையை நான் குறை சொல்லலைங்க. அது உடைஞ்சா கீழே யார் இருக்காங்கங்கிறதை வெச்சுத்தான் வகை.”

“எங்கப்பா கட்டினதும்மா. கல்லு மாதிரி நிக்குது.”

“நிக்கட்டும். ஆனா கரை மேல மரம் நிக்கக் கூடாது.”

அவர் முகம் கறுத்தது. அந்த மரங்கள் அவருடைய மறைந்த மனைவி நட்டவை. கரைக்குள் இறங்கிய வேர் ஒரு நாள் அழுகினால் தண்ணீருக்கு அதுவே வழி என்பது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன?

“மரத்துல யாராவது கை வெச்சா நான் மனுஷனா இருக்க மாட்டேன்” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மேலதிகாரி பொறுமை இழந்தார். “உத்தரவு போட்டு ஆளை விட்டு வெட்டுங்கம்மா. எதுக்கு இந்தக் கெஞ்சல்?”

“மதகைத் திறந்து தண்ணிய இறக்கிட்டேன் சார். இப்போதைக்கு ஆபத்து இல்லை. அவர் பொண்டாட்டி வெச்ச மரம், அவர் கையாலயே போகட்டும்.”

“நீங்க ஆய்வாளரா, அவருக்குச் சம்பந்தியா?”

“ரெண்டுக்கும் சம்பளம் ஒண்ணுதானே சார்!”

ஒரு நாள் அக்கா தோப்புக்காரரை அவர் மகள் வீட்டுக்கே அழைத்துப் போனார். உள் அறையில் பேத்தி தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் முழுக்கக் கரைதான் தெரிந்தது.

“இத்தனை நாள் மேலேருந்து வீட்டைப் பார்த்தீங்க. இப்போ இங்கேருந்து கரையைப் பாருங்க. அணை நிறைஞ்சா அந்தப் பக்கம் தண்ணி எவ்வளவு உயரம் நிக்கும்? கையால காட்டுங்க.”

அவர் கையை உயர்த்தினார். தொட்டிலைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, கை மேலே போய்க்கொண்டே இருந்தது. எட்டாமல் நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் கோடரியை அவரே எடுத்தார். வேரோடு தோண்டிய குழிகளில் களிமண் கொட்டி இறுக்கியபோது, அக்காவும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடவே மிதித்தார். உதிர்ந்த விதைகளைப் பொறுக்கி, கரைக்கு வேர் எட்டாத மேட்டில் விதைத்தவரும் அக்காதான். இத்தனை செய்தும் வகை மாறவில்லை. வீடு அங்கே இருக்கும்வரை மாறாது. அந்த மழைக்காலம் முழுக்க அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. எங்கள் தொழிலில் அதைவிட நல்ல செய்தி கிடையாது.

அக்கா! இனி மழை பெய்தால் எழுந்து ஓடாதீர்கள். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குங்கள். முழங்கால் வலி விலகி, மனம் நிறைந்து, நிறைந்த குளம்போல் நெடுநாள் நீங்கள் நிலைத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நீங்கள் திட்டித் திட்டித் திருத்திய அலுவலகத்தார்

இன்று காலை சேர்த்தது: இந்த மடலை மாட்டிக் கொடுக்க ஒரு மரச்சட்டம் தேடிக்கொண்டிருந்தோம். எப்படித் தெரிந்ததோ, தோப்புக்காரர் துண்டில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த மரத்தில் இழைத்த சட்டம். “உட்காருங்க ஐயா, அக்கா இப்போ வந்துடுவாங்க” என்றோம். மேசைமேல் வைத்தார். அதன் ஓரத்தை ஒரு முறை தடவினார். படியிறங்கிப் போய்விட்டார்.