பூக்காரிச் சிலை பற்றி யோசெப்பின் சொன்னது

2014 மார்ச் 22, சனிக்கிழமை, முற்பகல் 9.40. சந்தேக நபரின் கூற்று. தமிழில் சொல்லப்பட்டுத் தமிழிலேயே எழுதப்படுகிறது.

பெயர்: கொன்ஸ்ரன்ரைன் யோசெப்பின். வயது: 61. விதவை. சமயம்: றோமன் கத்தோலிக்கம். தொழில்: தற்போது இல்லை, முன்னர் இத்தாலியில் வீட்டுப் பணிப்பெண். முகவரி: இல. 48/7, கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.

நான் மேற்படி முகவரியில் என் மகள் செலீனுடனும் மருமகனுடனும் வசிக்கிறேன். என்மேல் கொடுக்கப்பட்ட முறைப்பாட்டுக்காகக் கடந்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு என்னையும் முறைப்பாட்டுக்காரரையும் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வரச்சொல்லி, பிற்பகல் இரண்டு மணிவரை மர வாங்கில் இருத்தி, அதன் பின்னர் “ரெண்டு பேரும் கதைச்சுச் சமாதானமாகுங்கோ” என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்கள். நான் சமாதானமாகவில்லை. இன்று முதலில் சிங்களத்தில் எழுதத் தொடங்கினார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாததில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றேன். அதன் பின்னர் இந்த உத்தியோகத்தர் அழைக்கப்பட்டார். இவர் முதல் வரியில் ‘பொம்மை’ என்று எழுதினார். அதை வெட்டி ‘சிலை’ என்று எழுதுவித்தேன்.

நான் 1998ஆம் ஆண்டு இத்தாலிக்குப் போய், பலெர்மோ நகரில் சிஞ்ஞோரா லெத்திசியா என்ற வயதான பெண்ணின் வீட்டில் பதின்மூன்று வருடம் வேலை செய்தேன். அவர் பழைய பீங்கான் சிலைகள் சேர்ப்பவர். நாப்பொலிப் பக்கத்தில் செய்யப்பட்ட கப்போடிமொன்ரே வகைச் சிலைகள் அறுபத்திரண்டு அவரிடம் இருந்தன. மாதம் ஒருமுறை அவற்றைக் கழுவுவது என் வேலை. தொட்டியின் அடியில் துவாய் விரித்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில், சவர்க்காரம் போடாமல், சவரம் செய்யும் பிரஷால் ஒவ்வொரு இதழாகக் கழுவ வேண்டும். சிலையைத் தலையிலோ கையிலோ பிடித்துத் தூக்கக்கூடாது. அடியில் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும்.

அங்கு போன மூன்றாம் வருடம், பூக்காரிச் சிலையின் கூடையில் இடப்பக்கத்து இலை ஒன்றை உடைத்துவிட்டேன். நானே போய்ச் சொன்னேன். அந்த அம்மா இரண்டு நாள் என்னை ஏசினார். அதன் பின்னர் ஓர் ஆளைக் கூப்பிட்டு அதை ஒட்டுவித்தார். பசை காலப்போக்கில் மஞ்சளாகிவிட்டது. அவர் நல்லவர் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. அவர் சாப்பிட்டு முடியும்வரை எனக்குச் சாப்பாடு இல்லை. கடைசிக் காலத்தில் அவர் படுக்கையில் கிடந்தபோது, தன் மகன் முன்னிலையில் மூன்று சிலைகளை எனக்குத் தந்தார். “நான் இவற்றைப் பார்த்ததைவிட நீ கழுவியது அதிகம்” என்று இத்தாலி மொழியில் சொன்னார். அதில் ஒன்று அந்தப் பூக்காரி. எழுத்தில் ஏதும் உண்டா என்று என்னிடம் கேட்கப்பட்டது. இல்லை. வீட்டு எசமானி வேலைக்காரிக்கு ஒன்றைக் கொடுக்கும்போது உறுதி எழுதிக் கொடுப்பதில்லை. மகனின் தொலைபேசி இலக்கத்தை 14ஆம் திகதி வெள்ளிக்கிழமையே பொலிசுக்குக் கொடுத்துவிட்டேன். இன்றுவரை ஒருவரும் பேசிப் பார்க்கவில்லை.

2011இல் நான் திரும்பி வந்தேன். மூன்று சிலைகளையும் என் மடியில் வைத்தே விமானத்தில் கொண்டுவந்தேன். அவை என் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் இருந்தன.

இந்த வருடம் சனவரியில், பழைய தளபாடம் வாங்கி விற்கும் ஸவாஹிர் என்பவர் என் கணவரின் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்க வீட்டுக்கு வந்து, சிலைகளையும் கண்டார். அவர் மூலமாக, வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற பொறியியலாளர் பாலசுந்தரம் என்பவர் என்னைத் தேடி வந்தார். அவர் முப்பது வருடமாக இத்தாலியச் சிலைகள் சேர்ப்பவர் என்று ஸவாஹிர் சொன்னார். அவர் வந்து, நான் இருக்கச் சொல்ல முதலே கதிரையில் இருந்து, பூக்காரியைக் காட்டும்படி கேட்டார். அடியிலுள்ள நீலக் கிரீடக் குறியைப் பார்த்துவிட்டு, இந்தக் குறியைப் போலிக்காரர் எல்லோரும் போடுவார்கள், பூ இதழில் விரல் அடையாளம் இருந்தால்தான் உண்மையான வேலை என்றார். அதன் பின்னர் பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார். தன்னிடம் பழக்காரன் சிலை இருப்பதாகவும், இது அதன் சோடி என்றும், விலைக்குத் தரும்படியும் கேட்டார். நான் மறுத்தேன். அதன் பின்னர் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் மறுத்தேன்.

மார்ச் 6ஆம் திகதி வியாழக்கிழமை நான்காம் முறை வந்து, வெளிநாட்டிலிருந்து ஒரு நண்பர் வருகிறார், சோடியாக வைத்துப் படம் எடுக்க மட்டும் நாலு நாள் தரும்படி கேட்டார். நான் கொடுத்தேன். ஏன் நம்பினேன் என்று கேட்கப்பட்டது. முதன்முதல் வந்த நாளில் அவர் அந்தச் சிலையை அடியில் கை கொடுத்துத் தூக்கினார். அப்படித் தூக்குகிற ஒருவரை நான் இந்த ஊரில் அதுவரை கண்டதில்லை. அதனால் நம்பினேன். வேறு காரணம் இல்லை. துண்டு எழுதித் தரக் கேட்டேன். ‘பீங்கான் சிலை ஒன்று பெற்றுக்கொண்டேன்’ என்று மட்டும் எழுதினார். எந்தச் சிலை என்று எழுதவில்லை. அதை நான் கவனிக்காமல் விட்டது என் பிழை.

மார்ச் 11ஆம் திகதி செவ்வாய்க்கிழமை மாலை, நான் கொச்சிக்கடைக் கோவிலுக்கு நவநாள் பூசைக்கு வெளிக்கிட்டு வாசலில் நிற்கும்போது அவர் ஒரு பெட்டியோடு வந்தார். துண்டைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தேன். என் கண்முன்னே கிழித்துப் பொக்கற்றில் போட்டுக்கொண்டார். கோவிலால் வந்து பெட்டியைத் திறந்தபோது, அதில் இருந்தது என் சிலை இல்லை. பாரம் குறைவு. என் பூக்காரி கூடையைப் பார்த்துக் குனிந்திருப்பாள். இது நேரே பார்த்துச் சிரித்தது. கூடையில் ஒட்டிய இலை இல்லை.

மறுநாள் தொலைபேசி எடுத்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார். அதன் பின்னர் 13ஆம் திகதி வியாழக்கிழமை காலை பத்தரை மணியளவில், அந்தப் பெட்டியோடு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமுள்ள அவரது தொடர்மாடி வீட்டுக்குப் போனேன். நான் கதவைத் தள்ளி நுழைந்ததாக அவர் முறைப்பாட்டில் சொல்லியிருப்பது பொய். அவருடைய மனைவி அருந்ததி கதவைத் திறந்து, “வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ” என்று என்னைக் கூப்பிட்டார். உள்ளே மூன்று கண்ணாடி அலுமாரிகளில் லைற் போட்டுச் சிலைகள் வைக்கப்பட்டிருந்தன. நடு அலுமாரியில் பழக்காரனுக்குப் பக்கத்தில் என் பூக்காரி நின்றாள்.

“சேர், என்ர சாமானை எடுத்துக்கொண்டு போக வந்தனான்” என்றேன்.

“உம்மட சாமானைச் செவ்வாய்க்கிழமையே உம்மட கையில தந்தாச்சு. நீரும் துண்டைத் திருப்பித் தந்தனீர்” என்றார்.

நான் பெட்டியை மேசையில் வைத்து, “இது என்ர இல்ல. அங்க நிக்கிறதுதான் என்ர. கூடையில இடப்பக்கத்து இலையைப் பாருங்கோ, பசை மஞ்சளாயிருக்கும். அது நான் உடைச்ச இலை” என்றேன்.

அவர் அலுமாரிப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. “இத்தாலியில ஆய் அள்ளப் போனவளுக்கு ஆர் இதைக் குடுப்பினம்? அங்க களவெடுத்ததை இங்க வந்து என்னட்டக் கேக்கிறியா?” என்றார். அந்த நேரம் ‘நீர்’ என்பது ‘நீ’ ஆகிவிட்டது.

நான் பதின்மூன்று வருடம் ஆய் அள்ளியது உண்மை. அதை அப்படியே எழுதும்படி உத்தியோகத்தரிடம் சொன்னேன். மற்றது பொய்.

அப்போது அருந்ததி, “அது அவவின்ரதான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள்தானே மாத்தி வைச்சனீங்கள்” என்று சொன்னார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். “நீ உள்ளுக்குப் போ” என்று அவர் சொன்னார். அருந்ததி போகவில்லை.

அதன் பின்னர் நான் அலுமாரியைத் திறந்தேன். திறப்பு பூட்டிலேயே இருந்தது. அடியில் கை கொடுத்துப் பூக்காரியை எடுத்தேன். பாலசுந்தரம் பாய்ந்து வந்து சிலையின் வலது கையைப் பிடித்து இழுத்தார். முப்பது வருடம் சிலை சேர்த்தவர் கையைப் பிடித்து இழுத்தார். கை முழங்கையோடு கழன்று அவரிடம் போனது. அவர் பின்னால் சரிந்து, அவரது முழங்கை பட்டுத்தான் அலுமாரிக் கண்ணாடி உடைந்தது. நான் கண்ணாடியில் கை வைக்கவில்லை. அவருக்கு இரத்தம் வந்தது. அருந்ததி துவாய் கொண்டுவந்தார். நான் ஏன் உதவவில்லை என்று கேட்கப்பட்டது. என் இரண்டு கையிலும் சிலை இருந்தது.

அவருடைய போலியை அவருடைய மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். வெள்ளவத்தையில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் இறங்கி மற்ற பஸ் எடுத்து வீட்டுக்கு வந்தேன். சிலையை ஒன்றாலும் மூடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கத்தான் வந்தேன். களவெடுத்தவள் அப்படி வரமாட்டாள்.

14ஆம் திகதி வெள்ளிக்கிழமை இரண்டு உத்தியோகத்தர்கள் வீட்டுக்கு வந்து, அயலவர் பார்த்துநிற்க, சிலையைப் பையில் போட்டு எடுத்துச் சென்றார்கள். அவர்கள் போன பின்னர் மகள் செலீன் கதவைச் சாத்திவிட்டு என்னிடம், “மம்மி, உண்மையாத்தான் அந்த மனிசி தந்ததோ?” என்று கேட்டாள். நான் பலெர்மோவுக்குப் போகும்போது அவளுக்குப் பதினெட்டு வயது. அவள் படித்ததும் கலியாணம் கட்டியதும் நான் அங்கே இருந்தபோது. கலியாணத்துக்குப் பத்து நாள் லீவில் வந்து போனேன். நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளோடு கதைக்கவும் இல்லை. இது வழக்குக்குத் தேவையில்லை என்று உத்தியோகத்தர் சொன்னார். எனக்குத் தேவை என்று சொல்லி எழுதுவித்தேன்.

அதன் பின்னர், நேற்று முன்தினம் வியாழக்கிழமை மாலை ஆறு மணியளவில் அருந்ததி தனியாக முச்சக்கர வண்டியில் என் வீட்டுக்கு வந்தார். செலீன்தான் கதவைத் திறந்தாள். அருந்ததி கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து விரித்தார். அதற்குள் பூக்காரியின் கை இருந்தது.

“ஒட்டலாம். நீங்களே வைச்சிருங்கோ. ஆனா நான் தந்தனான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. பொலிசுக்கும் நான் வரமாட்டன்” என்றார்.

“அண்டைக்கு அவருக்கு முன்னால சொன்னனீங்கள்தானே. அதையே இன்னொருக்காச் சொல்லுங்கோ, அதுவே காணும்” என்றேன்.

“நான் அந்த வீட்டிலதான் இருக்கவேணும், அக்கா. முப்பத்தெட்டு வருசம்” என்றார்.

நான் அவரை இருக்கவும் சொல்லவில்லை. “அப்ப இதை எடுத்துக்கொண்டு போங்கோ. ஆர் தந்தது எண்டு என்னட்டக் கேட்டா நான் சொல்லுவன். சிஞ்ஞோரா வீட்டுக் கதை பதின்மூண்டு வருசம் என்ர வாய்க்குள்ள கிடந்தது. அது சம்பளத்துக்கு. உங்கட வீட்டுக் கதையை நான் ஏன் சுமக்கவேணும்?” என்றேன்.

அவர் பூக்காரியின் கையைப் பிடித்தபடி நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. செலீன் கதிரையை இழுத்துப் போட்டாள். அருந்ததி அதில் இருக்கவில்லை. அதன் பின்னர் சிலையின் கையை மேசையில் வைத்தார். கைக்குட்டையை மட்டும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். முச்சக்கர வண்டி எந்தப் பக்கம் கிடைக்கும் என்று செலீனிடம் கேட்டுக்கொண்டு போனார். நான் சொல்லுவேன் என்று தெரிந்துதான் அவர் அதை வைத்துவிட்டுப் போனார். ஆகவே சொல்கிறேன்.

அவர் போன பின்னர் செலீன், “மம்மி, ரீ போடட்டா?” என்று கேட்டாள். “குடிச்சிட்டன்” என்றேன். குடித்திருக்கவில்லை.

அந்தக் கையை இன்று கொண்டுவந்து இங்கே ஒப்படைக்கிறேன். உங்களிடமுள்ள சிலையோடு அது பொருந்தும். பாலசுந்தரத்தின் மேசையில் நான் விட்டுவந்த சிலையையும் எடுத்துவந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்கிறேன். அருந்ததியிடம் கேட்பதானால் கணவர் இல்லாத நேரம் போய்க் கேட்கவும். அருந்ததி மறுத்துச் சொன்னால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் சொல் மாறாது.

இன்று காலை பாலசுந்தரத்தின் சட்டத்தரணி வெளியே என்னைச் சந்தித்து, விளங்காமல் நடந்துவிட்டது என்று நான் எழுதிக் கொடுத்து, சிலையையும் விட்டுக்கொடுத்தால் முறைப்பாட்டை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். நான் மறுத்தேன். விளங்காமல் ஒன்றும் நடக்கவில்லை. பாலசுந்தரத்துக்கு முழுவதும் விளங்கித்தான் நடந்தது.

வேறு ஏதும் சொல்ல உண்டா என்று கேட்கப்பட்டது. மகள் செலீன் வெளியே வாங்கில் இருக்கிறாள், எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டும்போது அவளையும் உள்ளே கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். அவ்வாறே அவள் கூப்பிடப்பட்டு, முதல் வரியிலிருந்து முழுவதும் அவள் கேட்க உரத்து வாசிக்கப்பட்டது. வாசித்து முடியும்வரை நான் அவள் பக்கம் திரும்பவில்லை. எழுதியிருப்பதெல்லாம் நான் சொன்னது; நான் சொன்னதெல்லாம் நடந்தது. ஒருவரும் சொல்லித்தராமல், ஒருவருக்கும் பயப்படாமல் கையெழுத்து வைக்கிறேன்.

(ஒப்பம்) கொ. யோசெப்பின்