பிரெஞ்சு ஜமீன்தாருக்கு விழுந்த அடி

இல்லீங்க, காப்பி வேணாம். களம்பூர்லயே குடிச்சிட்டுதான் பஸ் ஏறினேன். தறியை நிறுத்தாதீங்க. நீங்க நெய்ங்க, நான் பேசிகினு இருக்கேன்.

ஆமாங்க, அந்த நாடகக்கார வீரபாகுதான். உங்க காதுக்கும் வந்துடுச்சா? அதாங்க பேஜாரு. எனக்குப் பொண்ணு கேட்டுப் போனா, சேத்துப்பட்டுல பொண்ணோட அம்மா என் மூஞ்சியப் பாத்ததும் கதவைச் சாத்திட்டாங்க. படத்தைக் கிழிச்ச பாவி நான்தானாம்.

கிழிச்சது நானாங்க? கதையில வர்ற பிரெஞ்சு ஜமீன்தாரு, நான் அந்த வேஷம் கட்டறவன். எங்க நாடக வாத்தியார் கந்தசாமி பாண்டிச்சேரியில படிச்ச, நூறு வருசத்துக்கு முந்தின கதை. ஓவியக்காரன் ஒருத்தன் ஏழைப் பொண்ணு ஒருத்தியை வரையறான். ஜமீன்தாரு படத்தைப் பாத்துட்டுப் பொண்ணைத் தேடி வர்றான். அவ மசியல. அவ எதிர்லயே படத்தைக் கிழிக்கிறான், அவ மனசு ஒடைஞ்சு செத்துப்போறா.

அந்தக் காலத்து பிரான்சுல கதை எழுதறவங்க பொழுது சாஞ்சா நாடகக் கொட்டாயிலதான் கெடப்பாங்களாம். மூஞ்சியைப் படத்தைப் பாத்து எழுதுவாங்க, அழுகையை நாடகத்தைப் பாத்து எழுதுவாங்கன்னு வாத்தியார் சொல்வாரு. அப்ப நாடகத்துலருந்து போனது நாடகத்துக்கே வரட்டும்னு மேடையேத்திட்டாரு. என் தொப்பி கல்யாண பேண்டுக்காரர்கிட்ட வாங்கினது.

அதை இந்த ஆரணி பாரதத் திருவிழாவுல போட்டதுதாங்க தப்பு. காலையில துரியோதனன் சாவற படுகளத்துல அவன் மண்பொம்மையைத் தொடப்பத்தால சாத்தின பொம்பளைங்க, சாயங்காலம் அதே தொடப்பத்தோட நாடகத்துக்கு வந்து ஒக்காந்துட்டாங்க. நீங்க வரலியா? நல்லதாப் போச்சு.

படத்தைக் கிழிச்சனோ இல்லியோ, முன்னாடி இருந்த ஒரு பொண்ணு மேடையேறித் தொடப்பத்தால என் முதுகுல ஒண்ணு வெச்சுது பாருங்க, தொப்பி பறந்து ஆர்மோனியத்து மேல உழுந்துச்சு. வாத்தியார் ஜல்தியா திரையை இழுத்துட்டாரு. கதையே அவ்ளோதான்னு ஜனங்க கை தட்டறாங்க. அந்த ஏழைப் பொண்ணு ஆரணியில மட்டும் சாகவே இல்லீங்க.

நீங்க சிரிக்கிறீங்க. அடிச்ச பொண்ணு சிரிக்கலீங்க. மறுநாள் அந்தக் கிழிசலை எடுத்தாந்துச்சு. பாவுக்குப் போடற கஞ்சியிலயே ஒட்டியிருந்துச்சு. கிழிக்காம கெட்டவனா நடிக்கத் தெரியாதான்னு கேட்டுட்டு, படத்தைத் தானே திரும்ப எடுத்துகினு போயிடுச்சு. அதுக்கப்புறம் எந்த ஊர்லயும் நான் கிழிக்கிறதில்ல. படத்தைச் செவுத்துப் பக்கமா திருப்பி வெச்சுட்டு நிப்பேன். ஜனங்க அதுக்கும் அழுவுறாங்க.

ஒட்டின படமா? உங்களுக்குப் பின்னாடி மாட்டியிருக்கே, அதான். சந்தையில வாங்கினேன்னா சொல்லிச்சு உங்க பொண்ணு லீலா?

அடிச்சது அதுதாங்க, நேராப் போய் எங்கப்பாகிட்டயே பொண்ணு கேளுன்னு அனுப்பிச்சுது. மூலையில இருக்கிற தொடப்பத்தை மட்டும் உள்ள வெக்கச் சொல்லுங்க, மாமா.