போர்டு ரூமில் மாற்றிய தாம்பூலம்

— எழுதும்மா மெட்டில்டா. நானே வாயைத் தொறந்து சொல்றேன், எழுது. குப்புராஜ் எனக்கு சம்பந்தின்னு கொட்டை எழுத்துல போட்டு ஸ்டாக் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பு.

— ஒரு நிமிஷம் சார். இத்தனை வருஷமா "அதை எழுதாதம்மா, இதை எழுதாதம்மா"ன்னு மட்டும்தானே சொல்லிட்டிருந்தீங்க? இன்னைக்கு எழுதச் சொல்றீங்க. உடம்பு ஏதும் சரியில்லையா?

— உடம்புக்கு இன்னா? கல்லு மாதிரி கீது. மனசுதான் பேஜாராயிடுச்சு.

— மறைமலை நகர்ல ரயில் ஏறப் போனவளை, "வாம்மா, தாம்பரத்துல எறக்கி உடறேன்"னு கூப்பிட்டப்பவே நினைச்சேன். நீங்க கம்பெனி செகரட்டரிக்கு லிஃப்ட் குடுக்கற சேர்மனா?

— ஏன், நான் ஓட்டற வண்டியில வர்றது கசக்குதா? டிரைவர் தினகரன் தீபாவளிக்கு ஊருக்குப் பூட்டான். வாய்க்குப் பேச்சுத்துணை வேணாவா?

— கசக்கல சார். பெருங்களத்தூரைத் தாண்டிட்டா இன்னும் நல்லா இனிக்கும். அங்க பாருங்க, பெட்டியைத் தலையில வெச்சுக்கிட்டு, குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு, வண்டிங்க நடுவுலயே பஸ்ஸுக்கு ஓடறாங்க. நாம எப்போ நகர்றது?

— நல்லதாப் போச்சு. வண்டியும் நவுராது, நீயும் எறங்கி ஓட முடியாது. மடியில லேப்டாப் கீது. தட்டு.

— என்னன்னு தட்டணும்?

— தோ பாரும்மா. இண்டிபெண்டென்ட் டைரக்டர்னா யாரு? நம்ம குடும்பத்தோட ஒட்டும் இருக்கக் கூடாது, ஒறவும் இருக்கக் கூடாது. வெளியாளா உக்காந்துகினு, சின்ன சின்ன ஷேர்காரங்களுக்காக நம்மளைக் கேள்வி கேக்கணும். நீதான் பாடம் எடுத்தே.

— எடுத்தேன். நீங்க அப்போ தூங்கிட்டிருந்தீங்க.

— கண்ணுதான் தூங்குச்சு, காது முழிச்சிகினு இருந்துச்சு. குப்புராஜ் நம்ம இண்டிபெண்டென்ட் டைரக்டரு. இன்னிக்குக் காலையில எம் பொண்ணு தமிழினிக்கும் அவரு பையனுக்கும் தாம்பூலம் மாத்தியாச்சு. ஒறவு வந்துடுச்சு. அப்புறம் அவரு எப்படி வெளியாளு? ஊருக்கு ஒளிக்காம சொல்லு, மாலை போட்டு அனுப்பிச்சிடு. வெளிப்படையா இருக்கணும், வெளிப்படையா இருக்கணும்னு உயிரை எடுப்பியே, இதோ இருக்கறேன்!

— சார், அந்தத் தாம்பூலத்தைப் பத்தி நானே பேசணும்னு இருந்தேன். உங்க வீட்டு ஹால்ல இடமில்லையா? போர்டு ரூம்லயா மாத்துவாங்க?

— நான் இன்னா பண்றது? அஞ்சம்மா அக்கா ஒத்தக் கால்ல நின்னுச்சு. நல்ல நேரம் பத்தரைக்காம், உட்டா இந்த மாசத்துல வேற நாளே இல்லியாம். மீட்டிங்கும் பத்தரைக்கு. ரெண்டு அப்பனுங்களும் அந்த ரூமுலதான் உக்காந்துகினு கீறோம். சரி, தட்டை மாத்திட்டுக் கணக்கைப் பாப்போம்னு நெனச்சோம்.

— மும்பையில இருந்து வீடியோல வந்த டைரக்டர் மேத்தா சார் பதறிட்டார். தேங்காய், வெத்தலை, பட்டுப்புடவை, மஞ்சள் குங்குமம் எல்லாம் வரிசையா மேஜைக்கு வந்ததும், "இது எத்தனாவது அஜெண்டா?"ன்னு கேட்டார்.

— நீ இன்னா சொன்னே?

— நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, கணக்கைப் பாஸ் பண்றதுக்குத் தமிழ்நாட்டுல இதுதான் வழக்கம் போலன்னு அவரே முடிவு பண்ணி, கையைத் தூக்கி "அப்ரூவ்டு"ன்னுட்டார். ரெக்கார்டிங்ல இருக்கு. உங்க பொண்ணு கல்யாணம் போர்டு தீர்மானம் ஆயிடுச்சு சார்.

— அது நல்ல சகுனம். அதுக்கப்புறம் நடந்ததுதான் கண்றாவி.

— எல்லாம் ஒழுங்காத்தானே நடந்தது?

— ஒழுங்காவா? படப்பை நெலம் இன்னா ஆச்சு?

— நீங்களே வாபஸ் வாங்கிட்டீங்க.

— நானா வாங்கினேன்? வாங்க வெச்சாரும்மா! மூக்குக் கண்ணாடியை எறக்கி உட்டுகினு கேட்டாரே, "சேர்மன் சார், உங்க அக்காவோட படப்பை நிலத்தை கம்பெனி எதுக்கு வாங்கணும்?"னு. போன மீட்டிங்லயும் இதான் கேட்டாரு. அப்பல்லாம் நான் இன்னா பண்ணுவேன்?

— மேஜையைத் தட்டுவீங்க. "பேங்க்ல குப்பை கொட்டினவருக்கு ரப்பர் தொழில் என்ன தெரியும்?"னு கத்துவீங்க. பியூன் பிரிட்டோ தண்ணி கொண்டு வந்து வெப்பான்.

— இன்னிக்கு?

— இன்னைக்கு எழுந்து நின்னு, "நீங்க சொன்னா சரிங்க சம்பந்தி"ன்னீங்க.

— எழுந்தா நின்னேன்?

— நின்னீங்க. தோள்ல துண்டு போட்டிருந்தா அது இடுப்புக்கு வந்திருக்கும்.

— பொண்ணைப் பெத்தவன்மா நான்! எதிர்ல உக்காந்துகினு கீறவரு மாப்பிள்ளையோட அப்பா. நான் இங்க எகிறினா, நாளைக்குப் பொழிச்சலூர்ல அந்த வூட்டு அம்மா எம் பொண்ணு போட்ட காபியைப் பாத்து மூஞ்சியைச் சுளிச்சா? அந்த நெனப்பு வந்ததும் வாய் தானா மூடிக்கிச்சு.

— அடுத்த மீட்டிங்லயும் மூடிக்கும்.

— அதுக்கடுத்ததுலயும் மூடிக்கும்! அவரு பதவிக்கு இன்னும் நாலு வருசம் கீது. எங்கப்பன் வெள்ளரி போட்ட நெலத்தை வித்து நான் கட்டின கம்பெனிம்மா. கார்க்கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டி ஒட்டி ஷேர் மார்க்கெட் வரைக்கும் வந்தவன் நானு. அதுல நானே கையைக் கட்டிகினு உக்காரணுமா? அதான் சொல்றேன், சம்பந்தின்னு எழுது, அவரை எறக்கு. நெலம் அடுத்த மீட்டிங்ல பாஸ் ஆகணும். அஞ்சம்மா அக்காவுக்கு வாக்கு குடுத்துட்டேன். வெறுங்கையோட தீபாவளிக்குப் போனா அதிரசத்தை எடுத்து மூஞ்சி மேலயே வீசும்.

— ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த நிலத்தைப் பாக்க நானும் போனேன். முழங்கால் தண்ணி. கொக்கு நின்னுட்டிருந்துச்சு. அங்க குடோன் கட்டினா ரப்பர் மிதக்கும் சார்.

— மழைக்காலத்துல எந்த நெலம்தான் காயும்?

— நான் போனது சித்திரையில. எங்க வீட்டுக்காரர் தனசிங், அவரோட ரிட்டையர் ஆன வாத்தியாருங்க, எங்க சர்ச்ல பாதிப் பேரு நம்ம ஷேர் வெச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தா, "ராஜகோபால் சார் நல்லவர்தானேம்மா?"னு கேக்கறாங்க. கம்பெனி விஷயம் பேசக் கூடாதுன்னு சிரிச்சுட்டு வந்துடறேன். அந்தச் சிரிப்பு இப்பல்லாம் எனக்கு வரவே மாட்டேங்குது. குப்புராஜ் சாரும் போயிட்டா அந்தக் கேள்வியை யாரு கேப்பா?

— அதெல்லாம் அப்புறம் அழுவலாம். மொதல்ல எழுது.

— சரி சார். எழுதறேன். எந்த இடத்துல எழுதறது?

— ஒறவுக்காரங்கன்னு ஒரு பட்டியல் இருக்குமே, அதுல.

— அதுல அப்பா இருக்கார், அம்மா இருக்காங்க. புருஷன், பொண்டாட்டி, பையன், மருமக, பொண்ணு, மாப்பிள்ளை, அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி. அவ்வளவுதான். சம்பந்தி இல்ல.

— இல்லியா? நல்லாப் பாரு, அடுத்த பக்கத்துல இருப்பாரு.

— அடுத்த பக்கம் வேற விஷயம் சார்.

— இன்னாம்மா அநியாயம்! சம்பந்தி வெத்தலையில சுண்ணாம்பு கம்மியாச்சுன்னா கல்யாணமே நின்னுடும். அவரு ஒறவு இல்லியா? இந்தச் சட்டத்தை எழுதினவன் ஒரு பொண்ணையும் கட்டிக் குடுத்தவனே இல்ல!

— நான் மறைக்கப் போறதில்ல. பட்டியல்ல இல்லைன்னாலும், மனசாட்சிப்படி ரெண்டு பேரும் சம்பந்திங்கன்னு ரிப்போர்ட்ல எழுதிடுவேன். ஆனா எழுதினதாலயே அவர் எழுந்து போகணும்னு கட்டாயம் இல்ல. "கல்யாணத்தையும் வெளிய சொல்லியிருக்காங்க, கேள்வியும் கேட்டிருக்காரு, ஆஹா என்ன நேர்மை"ன்னு அவருக்கு மரியாதைதான் கூடும்.

— அவருக்கு மரியாதை கூடவா நான் பொண்ணு குடுக்கறேன்? வேற வழியே இல்லியா?

— ஒண்ணு இருக்கு. வேணாம் சார். உங்களுக்குப் பிடிக்காது.

— சொல்லும்மா! முன்னாடி லாரி, பின்னாடி பஸ்ஸு. பிடிக்காததைக் கேக்க இதை உட்டா எனக்கு நேரம் ஏது?

— சம்பந்திதான் பட்டியல்ல இல்ல. மருமக இருக்கா. கல்யாணம் ஆனதும் தமிழினி அவருக்குச் சட்டப்படி உறவு. அந்த மருமக பேர்ல நம்ம கம்பெனியில பெரிய பங்கு இருந்தா, மாமனார் இண்டிபெண்டென்ட்டா உட்காரவே முடியாது. அவரே எழுந்துடுவார்.

— அட்றா சக்கை! இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? எழுந்துக்கச் சொல்லு!

— எப்படிச் சார்? தமிழினி பேர்ல ஒத்தப் பங்கு கூட இல்லையே.

— ஒண்ணு கூடவா?

— எல்லாம் உங்க பேர்லயும் உங்க பையன் மோகன்ராஜ் பேர்லயும்தான். நானே ஒரு தடவை கேட்டேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா ஷேரு? நகை போட்டு அனுப்பிச்சா போதும்"னீங்க.

— சொல்லியிருப்பேன். வாய்க்கு வந்ததைச் சொல்ற ஆளுதானே நானு.

— அவளும் அப்போ ரூம்ல இருந்தா சார். சி.ஏ. பாஸ் பண்ணிட்டு, முதல் ஸ்வீட் அப்பாவுக்குன்னு டப்பாவோட வந்திருந்தா.

— அவ ஒண்ணும் சொல்லலியே.

— சொல்லல. டப்பாவை மூடி எடுத்துட்டுப் போயிட்டா. எனக்குக் கூட குடுக்கல.

— மூடி எடுத்துகினா போனா?

— சார், முன்னாடி வண்டி நகர்ந்துடுச்சு.

— நவுரட்டும். அன்னிக்கு ராத்திரி அவ சாப்பிடலம்மா. வயித்து வலின்னா. நானும் இஞ்சி தட்டிப் போட்டுக் குடுன்னு சொல்லிட்டு டிவி பாத்துகினு இருந்தேன். எம்மாம் பெரிய முட்டாளு நானு!

— நான் எதுவும் சொல்லல.

— நீ சொல்லாமலே சுடுது. மோகன் இன்னா கிழிக்கிறான்? முடிச்சூர் ஜிம்முல கண்ணாடி முன்னாடி நின்னுகினு கையை மடக்கி மடக்கிப் பாக்கறான். அவன் பேர்ல எம்மாம் கீதோ, அதே அளவு அவளுக்கும் என் பங்குல இருந்து குடுத்துடறேன். போதுமா? மாமனாரு எழுந்துப்பாரா?

— தாராளமா எழுந்துப்பார். ஆனா இன்னைக்கு மாத்த முடியாது சார். கம்பெனிக் கணக்கு ரிசல்ட் இப்பத்தான் வெளிய போயிருக்கு, உள்ளாளுங்க ஷேரைத் தொட ரெண்டு நாள் ஆகணும். அதுக்குள்ள உங்க மனசு மாறிடும்.

— ராஜகோபால் வாக்கு மாற மாட்டான்!

— யார் முன்னாடி குடுத்த வாக்கு? என் முன்னாடியா? நான் சம்பளம் வாங்கறவ. என் முன்னாடி நீங்க எத்தனையோ சொல்லியிருக்கீங்க.

— அப்படியா? குடும்ப வாட்ஸ்அப் குரூப்பு கீது. சொந்தக்காரன் அத்தினி பேரும் அதுலதான் கீறான். பேசியே அனுப்பறேன், பாரு இப்போ. "எல்லாருக்கும் வணக்கம், ராஜகோபால் பேசறேன். எம் பொண்ணு தமிழினிக்கு, அவ அண்ணனுக்கு இருக்கற அதே அளவு கம்பெனிப் பங்கு, கல்யாணத்துக்கு முன்னாடியே எழுதி வெக்கறேன். இது என் வாக்கு. ஹேப்பி தீபாவளி." போட்டுட்டேன்! இப்போ இன்னா சொல்றே?

— ஸ்தோத்திரம் சார். யாராவது கேட்டாங்களா?

— கிளியம்மா சித்தி கை தட்டிகீது. தாயாரம்மா அத்தை நாலு ரோசாப்பூ. அஞ்சம்மா அக்கா கூட அழுவற மூஞ்சி போட்டுகீது, சந்தோசத்துலதான் போல. மோகன் கட்டை விரலைத் தூக்கியிருக்கான். கேக்காமலே தூக்கியிருப்பான்.

— உங்களுக்கு எப்படி இருக்கு?

— நெசமாச் சொல்லணும்னா, நெஞ்சு லேசாகீது. எப்பவோ செஞ்சிருக்கணும். போற வழியில ஸ்வீட் கடையில நிறுத்தறேன், அவளுக்கு நானே வாங்கிகினு போறேன். ஆனா மெட்டில்டா, இன்னொரு சந்தோசத்தை ஒளிப்பானேன்? குப்புராஜ் எறங்கறாரு, நெலம் பாஸ்!

— பாலத்துகிட்ட வந்துட்டோம், பாத்து ஓட்டுங்க.

— ஒன் போன் கத்துது பாரு. யாரு?

— தமிழினி சார். மெசேஜ் போட்டிருக்கா.

— சொத்து குடுத்தவன் நானு, மெசேஜு ஒனக்கா? இன்னான்றா?

— "தேங்க்ஸ் ஆன்ட்டி"ன்றா.

— ஒனக்கு எதுக்குத் தேங்க்ஸு?

— ரோட்டைப் பாருங்க சார். பத்தரைக்கு நல்ல நேரம்னு காலண்டரைக் கிழிச்சுட்டுப் போய் அஞ்சம்மா அத்தைகிட்ட காட்டினது யாருன்னு நினைக்கிறீங்க?

— அவளா?

— மீட்டிங்கும் பத்தரைக்குன்னு அவளுக்குச் சொன்னது நான்.

— அடிப்பாவிங்களா! அப்போ கல்யாணம்?

— ஐயோ, அது நிஜம் சார். பையனை அவளுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. "என் மாமனார்கிட்ட எப்படிக் குனியறாருன்னு எங்கப்பா ஒரு தடவை அவரே பாக்கட்டும், மீதியை அவரே செய்வாரு"ன்னு சொன்னா. அப்படியே செஞ்சுட்டீங்க.

— என் ரத்தமாச்சே! சரி, ஏமாந்தா எம் பொண்ணுகிட்டதானே ஏமாந்தேன். போவட்டும். வேற ஏதோ எழுதியிருக்காளே, நீளமா. இன்னா அது?

— பங்குக்காரியா போர்டுக்கு அவ அனுப்பற முதல் கேள்வி சார். படிக்கட்டுமா?

— படி, படி. சி.ஏ. படிச்ச புள்ள, பெருசா ஏதாச்சும் கேட்டிருக்கும்.

— "சேர்மன் சார், உங்க அக்காவோட படப்பை நிலத்தை கம்பெனி எதுக்கு வாங்கணும்?"