பூட்டுக்காரர் 'இல்லை' என்று நான் பதிந்த விதம்

கடந்த திங்கட்கிழமை இந்தக் காவல் நிலையத்தில் கொடுத்த வாக்குமூலத்தில், ஸ்கேன் அறைக்குள் தாழிட்டுக்கொண்ட பூட்டுக்காரரை இறந்தவராகப் பதிந்தது நான்தான் என்று சொல்லவில்லை. கணினிப் பிழை என்று சொன்னேன். கணினி ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

என் பெயரும் முகவரியும் முன்பு கொடுத்தபடியே; வயது இருபத்தாறு. தொடை வழியாகக் குழாய் செலுத்தி இதய வால்வு மாற்றப்பட்டவர்களை ஆண்டுக்கொரு முறை தொலைபேசியில் அழைத்து, நலம் கேட்டுப் பதிவது மருத்துவமனையில் என் வேலை. பூட்டுக்காரருக்கு ஐந்தாண்டுகளுக்கு முன் வைத்த வால்வு இடம் நழுவியதால், அப்போதே அதற்குள் இன்னொன்று வைக்கப்பட்டது. அப்படி நேர்ந்தவர்கள் எங்கள் பதிவேட்டில் ஒன்பது பேர்தான். நாளடைவில் இவர்களுக்கு என்ன ஆகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாததால், ஒருவரையும் தவறவிடக் கூடாது என்பது பெரிய டாக்டரின் உத்தரவு.

சென்ற மாதம் நான் அழைத்தபோது அவர் மனைவி எடுத்தார்.

"அவரு இல்லம்மா. போயிட்டாரு."

எப்படி என்று கேட்டேன்.

"எப்படின்னா? திடீர்னுதான். ஒரு வார்த்த சொல்லிக்கல."

வலி ஏதாவது இருந்ததா என்றேன்.

"அவருக்கு என்ன வலி? கட்டிக்கிட்ட எனக்குத்தான்."

இறந்துவிட்டாரா என்று நேராகக் கேட்க வேண்டும் என்பது விதி. எனக்கு வாய் வரவில்லை. ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துவிட்டு, 'காலமானார்' என்று பதிந்தேன். அதன் பின் அவருடைய ஐந்தாமாண்டு ஸ்கேன் தானாகவே ரத்தாகிவிட்டது.

திங்கட்கிழமை அவர் ஸ்கேனுக்காக முன்பே கொடுத்திருந்த சீட்டுடன் வந்தார். வரவேற்பு மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்க போன மாசமே காலமாயிட்டீங்க. கூட வாரிசு யாராவது வந்திருக்காங்களா?" என்றார். அதன் பின் அவர் நேராக ஸ்கேன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே இருந்தபடி பூட்டில் என்னவோ செய்தார். காவலாளியின் சாவி அதற்குப் பிறகு சுற்றவில்லை. அதன் பின் உங்கள் காவலர் வந்து, நிலையத்துக்கு வழக்கமாக வரும் பூட்டுக்காரரைக் கைபேசியில் அழைத்தார். மணி ஸ்கேன் அறைக்குள் அடித்தது.

"வர்றேன் சார். இப்ப ஒரு எடத்துல உள்ள மாட்டியிருக்கேன்."

"எங்கய்யா இருக்கே?"

"கதவுக்கு இந்தப் பக்கம்."

உயிரோடு இருப்பதாக எழுதிக் கொடுத்தால் திறப்பதாக அவர் சொன்னார். நான் எழுதிக் கையெழுத்திட்டுக் கதவிடுக்கில் தள்ளினேன். 'உள்ளார்' என்பதில் ஒரு புள்ளி விட்டுப் போயிருந்ததால் திருப்பித் தள்ளினார். திருத்திக் கொடுத்த பின் திறந்தார். ஆனாலும் அத்துமீறல் என்று நிர்வாகம் புகார் கொடுத்தது, ஸ்கேனும் எடுக்கவில்லை.

அதன் பின் இருவரையும் இங்கே அழைத்து வந்தீர்கள். உங்கள் மாடிப்படி பதினாறு. அவர் ஆறாவது படியில் நின்று சுவரிலிருந்த மின்பெட்டியின் பூட்டைப் பார்த்தார். பதினோராவது படியில் மறுபடி நின்றார். அங்கே பூட்டு எதுவும் இல்லை. படியேறும்போது மூச்சு வாங்கி நிற்கிறாரா என்பது என் படிவத்தில் ஏழாவது கேள்வி. அதைப் பார்த்த பிறகும் நான் கணினிப் பிழை என்றே சொன்னேன்.

மறுநாள் காலை பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றே ஸ்கேன் எடுக்கப்பட்டது. உள் வால்வின் இதழில் ரத்தக்கட்டி படிந்திருந்தது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தொடங்கினார்கள். நேரத்தில் பார்த்ததால் கரைந்துவிடும் என்றார்கள். அவர்மீது பிழை ஏதுமில்லை என்பதால் புகாரைக் கைவிடக் கோரி இதைச் சொல்கிறேன்.

இன்று காலை அவர் வீட்டுக்கு அழைத்தேன். "அவரு இல்லம்மா" என்றார் மனைவி. எங்கே என்று கேட்டேன். ஓய்வெடுக்கச் சொல்லியும் கேளாமல், உங்கள் நிலையத்துப் பின்கதவுப் பூட்டைச் சரிசெய்யப் போயிருப்பதாகச் சொன்னார்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் நான் 'இல்லை' என்று சொல்லியிருக்கும் இடங்களில் இல்லை என்றே பொருள்.

(ஒப்பம்)