பச்சை ஸ்வெட்டர்

எனக்கு ஊசியில் நூல் கோக்க வராது. பொத்தான் அறுந்தால்கூட யாரிடமாவது கொடுத்துத்தான் தைத்துக்கொள்வேன். தங்கச்சியைத் தெரிந்துகொண்டது அப்படித்தான். எங்கள் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் தையல் கடையில் அவள் வேலை பார்த்தாள். ஒரே மேல்கோட்டை மூன்றாவது முறை கொண்டுபோனபோது, "அக்கா, நீங்க கோட்டைப் போடுறீங்களா, இல்ல அதோட சண்டை போடுறீங்களா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து நான் அவளுக்கு அக்கா, அவள் எனக்குத் தங்கச்சி.

வக்கீல் சார், நீங்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். வியாழக்கிழமை அவளை அவள் நாட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். இன்று திங்கள்தானே. வரிசையாகச் சொன்னால்தான் என் பக்கம் உங்களுக்கு விளங்கும்.

கதை விளையாட்டு எழுதுவது என் தொழில். திரையில் கதை ஓடும், ஓர் இடத்தில் நிற்கும். இதைச் செய்வதா, அதைச் செய்வதா என்று விளையாடுபவர் ஒன்றைத் தொட வேண்டும். எதைத் தொடுகிறாரோ அதன்படி கதை திரும்பும். அகதிகளின் பயணத்தை வைத்து ஒன்று செய்வதென்று முடிவாகியிருந்தது. ஆறு மாதம் முட்டி மோதினேன். எழுதியதெல்லாம் உப்புச்சப்பில்லாமல் இருந்தது. முள்கம்பி, இருட்டு, அழுகை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தங்கச்சிக்குத் தெரிந்தது வேறு. வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் பதினான்கு பேர் ஒளிந்து வந்த லாரி. இரண்டாம் நாள் வண்டி எங்கோ நின்றபோது தண்ணீர் பிடிக்க அவளுடைய அண்ணன் இறங்கியிருக்கிறான். அவன் திரும்பி வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அவள் பலகையைத் தட்டியிருந்தால் ஓட்டுநர் நிறுத்தியிருப்பான். ஆனால் கூப்பிடு தூரத்தில் சோதனைச் சாவடி. சத்தம் கேட்டால் உள்ளே இருக்கும் பதின்மூன்று பேரும் மாட்டிக்கொள்வார்கள்.

"கையை ஓங்கிட்டேன் அக்கா. ஓங்கின கையை அப்படியே வெச்சிருந்தேன்" என்றாள். அப்போது அவள் என்னுடைய பாவாடையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். தையல் ஓர் இழைகூடக் கோணவில்லை.

எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? அதன்பின் சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து பேசினோம். என் போனில் பதிவு செய்தேன், மொத்தம் பதினோரு பதிவுகள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "இது என் கதைன்னு யாருக்கும் தெரியக் கூடாது அக்கா. அப்பா, அம்மா இன்னும் அங்கதான் இருக்காங்க." நான் சத்தியம் செய்து கொடுத்தேன். பிறகு ஏன் சொல்கிறாய் என்று கேட்டதற்கு, "அண்ணன் எங்கயாவது இருந்து இதை விளையாடினா, நான் ஏன் தட்டலைன்னு அவனுக்குப் புரியும்ல" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று யாரும் சொல்ல முடியாது.

ஸ்வெட்டருக்கு வருகிறேன். நீங்கள் அதற்குத்தானே வந்திருக்கிறீர்கள்.

விளையாட்டின் மாதிரியை விளையாடிப் பார்த்தவர்கள் அண்ணன் இறங்கிப் போவதைக் கவனிக்கவே இல்லை. மங்கலான திரையில் அவன் கூட்டத்தோடு கலந்துவிட்டான். அவன் அன்று என்ன போட்டிருந்தான் என்று தங்கச்சியிடம் கேட்டேன்.

"சாம்பல் கலர் கோட்டு. அப்பாவோடது. கை ரெண்டும் தொங்கும்."

சாம்பல் எடுபடாது என்றேன். பச்சை ஸ்வெட்டர் போட்டால் கண்ணில் படும், போடட்டுமா என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அவனுக்குப் பச்சையே ஆகாது அக்கா. அடிக்க வருவான்." பிறகு சிரிப்பு நின்றது. "சரி, போடுங்க. வந்து அடிக்கட்டும்."

பிழைகளைக் கண்டுபிடிக்க அவளையே விளையாட வைத்தேன். அவளைவிடப் பொருத்தமான ஆள் யார்? நாற்பது தடவைக்கு மேல் விளையாடினாள். ஒவ்வொரு தடவையும் பச்சை ஸ்வெட்டர் லாரியிலிருந்து இறங்கிப் போவதைப் பார்த்தாள். வரவர அவள் பேச்சிலும் பச்சை ஸ்வெட்டர் வந்துவிட்டது. நான் கவனித்தேன். என் கற்பனை அவ்வளவு நன்றாகப் பிடித்துக்கொண்டதே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

விளையாட்டு எங்கெங்கோ போயிற்று. என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். இந்தக் கதை எப்படி உங்களுக்குத் தோன்றியது என்று விருது மேடையில் கேட்டார்கள். தானாக வந்தது என்றேன். வேறென்ன சொல்வது? வாக்குக் கொடுத்திருக்கிறேனே. கடைசி வரிசையில் நின்று தங்கச்சி கைதட்டினாள்.

அடுத்த வருடம், அடைக்கலம் கேட்டு அவள் போட்டிருந்த மனு விசாரணைக்கு வந்தது. கூட வர முடியுமா என்று கேட்டாள், எனக்கு அன்று வேறு வேலை இருந்தது. அங்கே அதிகாரி அண்ணனின் உடையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இவள் பச்சை ஸ்வெட்டர் என்றிருக்கிறாள். எல்லையில் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் சாம்பல் கோட்டு என்று இருக்கிறது. போதாததற்கு அந்த வருடம் மட்டும் ஆறு பேர் இதே லாரியையும் இதே பச்சை ஸ்வெட்டரையும் சொல்லியிருக்கிறார்களாம். விளையாட்டைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறாய் என்றாராம் அதிகாரி.

அங்கேதான் அவள் என் முதுகில் குத்தினாள்.

விசாரணைக் குறிப்பின் நகலை எனக்கும் அனுப்பியிருந்தார்கள். அவள் சொன்ன பதில் அதில் அப்படியே இருந்தது. "அது என் கதைங்க. நான் சொன்னேன், அக்கா எழுதினாங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! இல்லை, நான் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் சொல்கிறேன். எண்ணூறு திரைகள் எழுதினேன். தார்ப்பாய் காற்றில் படபடக்கும் அந்த ஒரு சத்தத்துக்காக ஒரு வாரம் அலைந்தேன். கையை ஓங்கி நிற்கும் அந்தப் பெண்ணை உலகமே பார்க்கும்படி செய்தது யார்? இவள் கடையில் உட்கார்ந்து பாவாடை மடித்துக்கொண்டே சொன்னதை ஊரில் யார் கேட்டிருப்பார்கள்? கூடப் பிறந்தவளாக நினைத்திருந்தேன். யாருக்கும் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கியவளே போய்ச் சொல்லிவிட்டாள், அதுவும் என்னை வெறும் எழுத்தராக்கி. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நகலோடு வந்த அதிகாரியின் கடிதத்தில் என்னிடம் கேட்டிருந்தது ஒரே கேள்வி. இந்த விளையாட்டு உண்மையான ஒருவரின் அனுபவமா? 'இல்லை. முழுக்க என் கற்பனை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் வாக்கை மீறினாள், நான் மீறவில்லை. இதில் என் தவறு என்ன என்று நீங்களே சொல்லுங்கள்.

மனு தள்ளுபடியான அன்று போன் செய்தாள். அழவில்லை. நான் எழுதிக் கொடுத்தது அவளுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். "அக்கா, நாம பேசின அந்தப் பதிவு இருக்குல்ல?" என்று கேட்டாள். தேடிப் பார்க்கிறேன் என்றேன். "நீங்க எதையும் வெச்ச இடத்துல வைக்க மாட்டீங்க. நல்லாத் தேடுங்க அக்கா." அந்த நேரத்திலும் என்னைக் கிண்டல் செய்தாள்.

அவள் சொல்லித்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். இப்போது நான் மாற்றி எழுதிக் கொடுத்தாலும் பரிதாபப்பட்டுச் சொல்கிறேன் என்பார்கள், அதனால் பதிவு வேண்டும் என்கிறீர்கள். உண்மைதான். ஒன்பதாவது பதிவு ஒன்றே போதுமாக இருந்திருக்கும். சாம்பல் கோட்டு என்று அவள் சொல்வது, பச்சை போடட்டுமா என்று நான் கேட்பது, அவள் சிரிப்பது, எல்லாம் அதில் தேதியோடு இருந்தது. கடிதத்துக்குப் பதில் எழுதுவதற்கு முன் அதை முழுக்கக் கேட்டேன். அவள் மனுவைக் காப்பாற்ற அந்த நான்கு நிமிடம் போதும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு பதினொன்றையும் அழித்தேன். போனிலிருந்தும், அலுவலகக் கணினியிலிருந்தும். நிச்சயமாக அழிக்கவா என்று ஒவ்வொரு முறையும் கேட்டது. ஆமாம் என்பதையே தொட்டேன்.

பேனாவை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்? எழுதிக்கொள்ளுங்கள். அவளும்தான் அன்று தட்டாமல் இருந்தாள். அவளை யாராவது குற்றம் சொன்னார்களா? என் அலுவலகத்திலும் என்னை நம்பி ஒன்பது பேர் இருக்கிறார்கள்.

அவள் எனக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இன்றைக்கும் அடிக்கடி அந்த விளையாட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். அண்ணன் தண்ணீர்க் குடத்தோடு இறங்குகிறான். வண்டி உறுமுகிறது. அவள் கையை ஓங்குகிறாள். தட்டு, தட்டாதே என்று திரையில் வருகிறது. நான் தட்டிவிடுகிறேன் சார். ஒரு தடவைகூட நான் தட்டாமல் இருந்ததில்லை.